காரீயத்தை எடுத்துவிட்டு எதை வைப்பது? ஈயமில்லாத பெரோவ்ஸ்கைட்டில் முதல் அடிகள்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தடியில் வீச்சு வலை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். வலை விரிந்து தண்ணீரைத் தொட்டதுமே அதன் விளிம்பு வட்டமாகக் கீழே இறங்கிவிடும். அதை இறக்குவது ஈயக் குண்டுகள். என் மாமா அந்தக் குண்டுகளை வீட்டு முற்றத்திலேயே ஈயத்தை உருக்கி வார்ப்பார். குறடு கைக்கு எட்டாத நேரத்தில் பல்லால் கடித்து நெரித்து நூலில் இறுக்குவார். வேண்டாம் என்று சொன்னால் "மறுகா பாப்பம் மகள்" என்பார். ஈயம் உடம்பில் சேர்ந்தால் வெளியேற எவ்வளவு காலம் எடுக்கும், அது எலும்பில் போய் ஒளிந்துகொள்ளும் என்பதெல்லாம் எனக்கும் அப்போது தெரியாது.

பிறகு ஆய்வுகூடத்தில் பெரோவ்ஸ்கைட் என்ற பெயரைக் கேட்டபோது, அதற்குள்ளும் அதே ஈயம்தான் இருந்தது. வெயிலை மின்சாரமாக்குவதிலும் ஒளி உமிழ்வதிலும் கடந்த பதினைந்து ஆண்டுகளில் இந்தப் பொருளளவுக்கு வேகமாக வளர்ந்தது வேறில்லை. அதன் நடுவில் உட்கார்ந்திருப்பது காரீயம். அதை எடுத்துவிட்டு வேறு எதை வைக்கலாம் என்ற கேள்விக்குள் புதிதாக நுழைபவர்களுக்காக இதை எழுதுகிறேன். உயர்தரத்தில் இரசாயனம் படித்தவர்கள், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ விஞ்ஞானம் படிப்பவர்கள், இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடுபவர்கள், பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிப்பவர்கள் எல்லாரும் தொடரலாம். பெரிய கருவிகள் இல்லாமலே பாதித் தூரம் போய்விடலாம்.

முதல் படி: எவ்வளவு ஈயம் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்

பெரோவ்ஸ்கைட் என்பது முதலில் ஒரு கனிமத்தின் பெயர். 1839இல் யூரல் மலைப் பகுதியில் கிடைத்த கல்சியம் தைத்தானியம் ஒட்சைட்டுக்கு, ரஷ்யரான லெவ் பெரோவ்ஸ்கியின் நினைவாக வைத்தார்கள். இன்று அது ஓர் அமைப்பின் பெயர். நடுவில் ஓர் உலோக அயன், அதைச் சுற்றி எண்முகியாக ஆறு எதிர் அயன்கள் (நாம் இங்கே பார்ப்பவற்றில் அவை ஏலைட்டுகள், அதாவது குளோரைட்டு, புரோமைட்டு, அயடைட்டு), எண்முகிகளுக்கு இடையிலான பொந்தில் ஒரு பெரிய நேர் அயன். சூரியக் கலங்களில் புகழ்பெற்றது மெதைல் அமோனியம் ஈய அயடைட்டு. 2009இல் ஜப்பானில் மியாசாகாவின் குழு அதைக் கலத்தில் வைத்தபோது வினைத்திறன் 3.8 சதவீதம். இன்று ஈயப் பெரோவ்ஸ்கைட் கலங்கள் 26 சதவீதத்தையும் தாண்டிவிட்டன.

இப்போது ஒரு தாளை எடுங்கள். கலத்தில் இந்தப் படலம் ஏறக்குறைய 500 நனோமீற்றர் தடிப்பு. ஒரு சதுர மீற்றர் பரப்புக்கு அதன் கனவளவு அரைக் கனசென்ரிமீற்றர். அடர்த்தி கனசென்ரிமீற்றருக்கு 4.16 கிராம் அளவு, ஆகவே திணிவு சுமார் 2.1 கிராம். அதில் மூன்றில் ஒரு பங்கு ஈயம். ஆக சதுர மீற்றருக்கு சுமார் 0.7 கிராம்.

இவ்வளவுதானா என்று தோன்றும். மாமாவின் வலையில் கிலோக்கணக்கில் ஈயம் தொங்குகிறதே! வித்தியாசம் அளவில் இல்லை, கரைவதில் இருக்கிறது. வலையிலுள்ளது உலோக ஈயம். மேற்பரப்பில் ஒரு படை ஏறி, மெதுவாகவே கரையும். பெரோவ்ஸ்கைட் உடைந்து நனைந்தால் மிஞ்சுவது ஈய அயடைட்டு. அது லீற்றருக்கு முக்கால் கிராம் அளவுக்குக் கரையும். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வழிகாட்டல் அளவு லீற்றருக்கு 10 மைக்ரோகிராம். அந்த 0.7 கிராமும் கரைந்தால் 70,000 லீற்றர் நீரை அந்த வரம்புவரை கொண்டுபோகும். நாவலடிப் பக்கத்து மணல் கிணறு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள்: 1.2 மீற்றர் விட்டம், 2 மீற்றர் தண்ணீர். அதில் இருப்பது ஏறக்குறைய 2,260 லீற்றர். முப்பது கிணறு!

கசிந்த ஈயம் எல்லாம் கிணற்றுக்குப் போகாது. மண் அதைப் பிடித்து வைக்கும். ஆனால் களிமண் பிடிக்கும் அளவுக்கு மணல் பிடிக்காது, நம் கரையோரம் முழுக்க மணல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் ஆழமில்லாத நன்னீர். 1978 நவம்பரில் சூறாவளி வந்து கூரைகளைத் தூக்கிக்கொண்டு போன ஊர் இது. தட்டு உடையாது, கண்ணாடி அடைப்பு விடாது என்று எழுதிவைக்க முடிகிற இடமில்லை. அதனால் எந்தப் புதுப் பொருளைப் பார்த்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி: உடைந்து, மாரி மழையில் ஒரு வாரம் கிடந்தால் இதிலிருந்து என்ன கரைந்து வரும்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், வீணாகப் பயப்படக் கூடாது. இன்று உங்கள் கூரையில் இருக்கும் தட்டு அநேகமாக சிலிக்கன். அதில் பெரோவ்ஸ்கைட் இல்லை. கம்பி ஒட்டும் பற்றாசில் கொஞ்சம் ஈயம் இருக்கலாம், அவ்வளவுதான். வீட்டு மூலையில் கிடக்கும் பழைய வாகனப் பற்றரிதான் இன்றைக்கு உண்மையான ஈய ஆபத்து. அதைத் திறந்து உருக்குபவர்களைக் கண்டால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

இரண்டாம் படி: பொருளைத் தேடும் முன் வேலையைத் தீர்மானியுங்கள்

புதியவர்கள் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள், நானும் விழுந்தேன். "ஈயத்துக்கு மாற்று எது?" என்று கேட்டால் பதில் இல்லை. "எந்த வேலைக்கு?" என்று சேர்த்துக் கேட்டால் பதில் இருக்கிறது.

எல்லாம் பட்டை இடைவெளியைப் பொறுத்தது. ஓர் இலத்திரனைக் கட்டிலிருந்து அவிழ்த்து ஓடவிடத் தேவையான சக்தி அது. வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்க மிகச் சிறந்த இடைவெளி 1.34 இலத்திரன்வோல்ற்றுக்குக் கிட்ட, அதில் வினைத்திறனின் கோட்பாட்டு எல்லை 33.7 சதவீதம். ஈயப் பெரோவ்ஸ்கைட்டுகள் 1.5, 1.6 பக்கம் நிற்கின்றன. வீட்டுக்குள் எல்ஈடி விளக்கொளியில் இயங்கும் சிறு கலத்துக்கோ 1.9 அளவுதான் பொருத்தம், ஏனென்றால் அந்த விளக்கில் அகச்சிவப்பு இல்லை. வெயிலில் தோற்றுப்போன பிஸ்மத் சேர்வை ஒன்று வீட்டுக்குள் நன்றாக வேலை செய்வது இதனால்தான். ஊதாக்கடந்த கதிரை வாங்கி நீலமாகவோ மஞ்சளாகவோ உமிழ வேண்டுமென்றால் இடைவெளி இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். எக்ஸ் கதிரைப் பிடிக்க வேண்டுமென்றால் அணுக்கள் பாரமாக இருக்க வேண்டும், மின்தடை உயர்ந்திருக்க வேண்டும்.

ஆகவே குறிப்புப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதுங்கள்: வெயிலா, விளக்கா, வீட்டுக்குள்ளா, கதிர் கண்டுபிடிப்பானா. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

மூன்றாம் படி: தாளிலேயே சில பொருள்களைக் கழித்துவிடுங்கள்

ஏற்றக் கணக்கு முதலில். ஈயம் +2. அதன் இடத்தில் பிஸ்மத்தை அப்படியே வைக்க முடியாது, அது +3. கணக்கு இடிக்கும். அதற்கு ஒரு நல்ல வழி: இரண்டு ஈயத்தை எடுத்தால் நான்கு நேர் ஏற்றம் போகிறது. அந்த இரண்டு இடத்தில் ஒரு வெள்ளி +1, ஒரு பிஸ்மத் +3. மொத்தம் நான்கு. அமைப்புக் குலையாது. இதைத்தான் இரட்டைப் பெரோவ்ஸ்கைட் என்கிறோம். சீசியம் வெள்ளி பிஸ்மத் புரோமைட்டு 2016இல் இப்படித்தான் கவனத்துக்கு வந்தது. அதை அப்போது வெளிக்கொண்டுவந்த குழுக்களில் ஒன்று ஸ்ரான்ஃபோர்ட்டில் ஹேமமாலா கருணாதாசவுடையது. அவர் இலங்கையைச் சேர்ந்தவர் என்பதை என் மாணவர்களுக்கு நான் ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறேன்.

அடுத்தது பருமன். கோல்ட்ஸ்மித் 1926இல் தந்த சகிப்புக் காரணி இன்னும் உதவுகிறது. பொந்திலுள்ள அயனின் ஆரையையும் ஏலைட்டின் ஆரையையும் கூட்டுங்கள். நடு உலோகத்தின் ஆரையையும் ஏலைட்டின் ஆரையையும் கூட்டி, அதை 1.414ஆல் பெருக்குங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுங்கள். விடை 0.8க்கும் 1க்கும் இடையில் வந்தால் பெரோவ்ஸ்கைட் உருவாக வாய்ப்பிருக்கிறது. மெதைல் அமோனியம் 2.17, அயடைட்டு 2.20, ஈயம் 1.19 அங்ஸ்ரொம் என்று எடுத்தால் 0.91. வெள்ளி பிஸ்மத் சேர்வைக்கு நடு உலோகத்தின் ஆரையாக இரண்டின் சராசரி 1.09ஐ வையுங்கள். சீசியம் 1.88, புரோமைட்டு 1.96. விடை 0.89. உருவாகிறது, உண்மையிலும் உருவாகிறது.

உருவாவது வேறு, வேலை செய்வது வேறு. அதை இந்த எண் சொல்லாது. மெட்டீரியல்ஸ் புரொஜெக்ட் என்ற தரவுத்தளம் இலவசம், பதிவு செய்தால் போதும். பொருளின் பெயரைக் கொடுத்தால் அமைப்பையும் கணித்த பட்டை இடைவெளியையும் காட்டும். கணித்த இடைவெளி அநேகமாக உண்மையை விடக் குறைவாகவே வரும், அதை மனதில் வைத்துப் படியுங்கள். ஒரு மாலைப் பொழுதில் பத்துச் சேர்வைகளை இப்படிப் பார்த்துவிடலாம்.

நான்காம் படி: போட்டியில் நிற்பவர்களை அறிந்துகொள்ளுங்கள்

தமிழில் ஈயம் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று காரீயம், வலையில் தொங்குவது. மற்றது வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவது. பழைய ஆட்கள் இரண்டையும் ஒரே குடும்பமாகப் பார்த்தது தற்செயல் என்றாலும், ஆவர்த்தன அட்டவணையில் அவை ஒரே கூட்டம்தான், ஒன்றன் கீழ் ஒன்று. அதனால் காரீயத்தை எடுத்தவுடன் எல்லார் கையும் வெள்ளீயத்துக்குத்தான் போயிற்று.

அதற்குக் காரணமும் உண்டு. வெள்ளீய அயடைட்டுப் பெரோவ்ஸ்கைட்டின் பட்டை இடைவெளி 1.3, 1.4 பக்கம், வெயிலுக்கு ஈயத்தை விடவும் பொருத்தம். 2014இல் ஒக்ஸ்ஃபோர்ட்டிலும் அமெரிக்காவில் நோர்த்வெஸ்ரேர்னிலும் செய்த முதல் கலங்கள் 6 சதவீதம் அளவில் நின்றன. இப்போது 15 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. ஈயமில்லாத பெரோவ்ஸ்கைட்டில் வெயிலுக்கு இதுதான் முன்னணி.

சிக்கல் உயர்தரத்தில் படித்த ஒன்றுதான். பதினான்காம் கூட்டத்தில் கீழே போகப் போக +2 நிலை உறுதியாகும், மேலே வர வர +4 நிலை உறுதியாகும். ஈயத்தில் +2 அசையாது. வெள்ளீயத்தில் +2 கொஞ்சம் காற்றுப் பட்டாலே +4க்கு ஓடிவிடும். ஓடிய ஒவ்வோர் அணுவும் பளிங்கில் ஒரு வெற்றிடத்தை விட்டுப் போகிறது. அந்த வெற்றிடங்கள் பெருகினால் குறைகடத்தி உலோகம் போல நடக்கத் தொடங்கும், கலம் செத்துவிடும். அதனால் இந்த வேலை முழுவதும் நைதரசன் நிரப்பிய கையுறைப் பெட்டிக்குள், ஒட்சிசன் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போது நடக்கிறது. கரைசலில் வெள்ளீயப் புளோரைட்டு சேர்த்து ஓட்டத்தைத் தடுக்கப் பார்க்கிறார்கள். ஜேர்மானியம் இன்னும் மேலே இருக்கிறது, இன்னும் மோசம், விலையும் அதிகம். அதை விட்டுவிடுங்கள்.

வெள்ளீயம் பாத்திரத்தில் பூசும் உலோகம்தானே, நஞ்சில்லையே என்று நினைக்க வேண்டாம். 2016இல் சீப்ரா மீன் முளையங்களில் ஈய அயடைட்டையும் வெள்ளீய அயடைட்டையும் சோதித்தபோது, வெள்ளீய அயடைட்டு தண்ணீரை அமிலமாக்கி அதனாலேயே கூடுதலான கேட்டைச் செய்தது. ஈயம் இல்லை என்பது தீங்கு இல்லை என்பதற்கு ஈடல்ல. ஆய்வுக் கட்டுரைகளில் இந்த இடத்தைத் தேடிப் படியுங்கள். தலைப்பில் "ஈயமற்ற" என்று கொட்டை எழுத்தில் இருக்கும், உள்ளே ஒளியைக் கூட்டுவதற்காகத் தாலியம் கலந்திருப்பார்கள். தாலியம் ஈயத்தை விடக் கொடியது. அப்படி ஒரு கட்டுரையைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

பிஸ்மத் எனக்குப் பிடித்த உலோகம். ஆவர்த்தன அட்டவணையில் ஈயத்துக்குப் பக்கத்து வீடு, அதே போலப் பாரம், ஆனால் வயிற்று மருந்தில் சேர்க்கும் அளவுக்கு நச்சுத்தன்மை குறைவு. காற்றிலும் ஈரத்திலும் வெள்ளீயத்தை விட நன்றாகத் தாங்கும். குறை என்னவென்றால் இடைவெளி பெரிது, 2 இலத்திரன்வோல்ற்றுக்குக் கிட்ட, அதிலும் வெள்ளி பிஸ்மத் புரோமைட்டில் அது நேரடியானதல்ல, அதாவது ஒளியை நன்றாக உறிஞ்சாது. அதனால் வெயில் கலத்தில் அது 3 சதவீதம் அளவிலேயே கிடந்தது. 2022இல் ஐதரசன் ஏற்றி 6 சதவீதத்துக்கு மேலே கொண்டுவந்தார்கள். எக்ஸ் கதிர் கண்டுபிடிப்பானாக அதே பளிங்கு 2017இலேயே மிக மெல்லிய கதிரையும் பிடித்துக்காட்டியது. வேலையை முதலில் தேர்ந்தெடுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். பெரோவ்ஸ்கைட் என்ற பெயர் முக்கியமில்லை என்றால் வெள்ளி பிஸ்மத் சல்பைட்டின் நுண்பளிங்குகளையும் பாருங்கள். மிக மெல்லிய படலத்தில் 9 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது.

விளக்குக்கு: 2018இல் சீனாவில் வெள்ளி, சோடியம், இண்டியம் சேர்ந்த குளோரைட்டு இரட்டைப் பெரோவ்ஸ்கைட்டில் துளியளவு பிஸ்மத் கலந்து, ஒரே பொருளிலிருந்து வெதுவெதுப்பான வெள்ளை ஒளி எடுத்தார்கள். குவாண்டம் வினைத்திறன் 86 சதவீதம், அதாவது உறிஞ்சிய நூறு ஒளித்துகளுக்கு 86 ஒளித்துகள் திரும்பி வந்தன. இண்டியம் விலை கூடியது. அந்திமனி பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அதற்கே நச்சு உண்டு.

மிஞ்சுவது செம்பு. நாம் கையில் எடுக்கப் போவது அதைத்தான்.

ஐந்தாம் படி: உரலில் அரைத்து ஒரு நீல ஒளி

சீசியம் செம்பு அயடைட்டில் இரண்டு வகை முக்கியம். மூன்று சீசியம், இரண்டு செம்பு, ஐந்து அயடீன் சேர்ந்தது ஒன்று. அதை மூன்று-இரண்டு-ஐந்து என்போம். ஊதாக்கடந்த கதிரில் அது 445 நனோமீற்றர் பக்கத்தில் நீலமாக ஒளிரும். மற்றது ஒன்று-இரண்டு-மூன்று, மஞ்சளாக ஒளிரும், ஆனால் மங்கல். கண்டிப்பாகச் சொன்னால் இவை பெரோவ்ஸ்கைட் அமைப்பு அல்ல, அதே ஏலைட்டுக் குடும்பத்து உறவினர்கள். ஈயப் பெரோவ்ஸ்கைட்டின் ஒளி வேலையை ஏற்கக் கூடியவை என்பதால் ஒரே அலுமாரியில் வைத்துப் பேசுகிறார்கள்.

இதை முதல் பரிசோதனையாக நான் சொல்வதற்குக் காரணம் கரைப்பான் தேவையில்லை என்பது. வழக்கமாகப் பயன்படும் கரைப்பான்களில் டிஎம்எஃப் (டைமெதைல் ஃபோமமைட்டு) தோலுக்குள்ளால் போகும், கருவுக்குக் கேடு. டிஎம்எஸ்ஓ (டைமெதைல் சல்பொட்சைட்டு) தானே பெரிய நஞ்சில்லை, ஆனால் தன்னில் கரைந்ததையும் தோலுக்குள் கூட்டிக்கொண்டு போகும். இவற்றைக் காற்று உறிஞ்சும் அலுமாரி இல்லாமல் திறக்க வேண்டாம். அரைப்பதற்கு உரல் போதும்.

தேவையானவை: சீசியம் அயடைட்டு, செம்பு(I) அயடைட்டு, அகேற் அல்லது பீங்கான் சிற்றுரல், தராசு, 254 நனோமீற்றர் ஊதாக்கடந்த விளக்கு, நைற்றில் கையுறை, கண்ணுக்குப் பொலிகாபனேற்றுப் பாதுகாப்புக் கண்ணாடி, முகக்கவசம். விளக்குக்காகப் புதிதாக அலைய வேண்டாம். இரசாயனத் துறைகளில் மென்படலத் தட்டுப் பார்க்கும் விளக்கு இருக்கும், அதில் 254, 365 என்று இரண்டு ஆளி இருக்கும். 365இல் நீலம் சரியாகத் தெரியாது. ஒரு மாணவி அரை நாள் முழுக்க 365இல் பார்த்துவிட்டு "ஒளிரவில்லை மிஸ்" என்று அழாத குறையாக வந்து நின்றாள். ஆளியை மாற்றியதும் அவள் முகத்தில் பட்ட நீலம் இன்றும் எனக்கு நினைவில் நிற்கிறது.

முதல் நாள் இரவே சீசியம் அயடைட்டை 110 பாகை அடுப்பில் உலர்த்துங்கள், அது ஈரம் உறிஞ்சும். செம்பு அயடைட்டைப் பாருங்கள். நல்லது வெள்ளை அல்லது மங்கல் வெள்ளை. மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறியிருந்தால் பழையது, அயடீன் வெளியேறியிருக்கும்.

தராசு இரண்டு தசமம் காட்டினால் மொத்தம் 2 கிராமுக்குச் செய்யுங்கள்: சீசியம் அயடைட்டு 1.34 கிராம், செம்பு அயடைட்டு 0.66 கிராம். மூல் விகிதம் 3க்கு 2. இந்த எண்களை என்னிடமிருந்து வாங்காமல் மூலர்த் திணிவுகள் 259.8, 190.4 என்று வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அரைக்கும் முன் இரண்டு தூளையும் தனித்தனியாக விளக்கின் கீழ் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கலந்து அரையுங்கள். அம்மியில் மஞ்சள் அரைப்பது போல அழுத்தி இழுக்க வேண்டும், சும்மா கிளறினால் ஆகாது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி, விளிம்பில் ஒட்டியதைச் சுரண்டி நடுவுக்குக் கொண்டுவாருங்கள். அறை விளக்கை அணைத்து 254ஐப் போடுங்கள். முதலில் அங்கங்கே நீலப் புள்ளி. இன்னும் அரைக்க அரைக்கப் புள்ளிகள் சேர்ந்து, வெள்ளைத் தூள் முழுவதும் நீலமாக எழுந்து நிற்கும். கை வலிக்கும்வரை இருபது நிமிடம் போதும்.

இரண்டு எச்சரிக்கை. 254 கதிர் கண்ணையும் தோலையும் சுடும், கண்ணாடி இல்லாமல் ஒரு கணமும் பார்க்க வேண்டாம். இன்னொன்று, சோதனைக் குழாய்க்குள் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். சாதாரணக் கண்ணாடியும் போரோசிலிக்கேற்றும் 254ஐ உள்ளே விடாது. தூள் திறந்த தட்டில் இருக்க வேண்டும்.

நீலத்துக்கு நடுவே மஞ்சள் திட்டுகள் தெரிகின்றனவா? அங்கே சீசியம் குறைந்து ஒன்று-இரண்டு-மூன்று உருவாகிவிட்டது. சிட்டிகை சீசியம் அயடைட்டு சேர்த்து மீண்டும் அரையுங்கள், மஞ்சள் போய்விடும். இதைக் கண்ணால் பார்த்தவருக்கு விகிதம் என்ற சொல் பிறகு மறக்காது.

ஆறாம் படி: தண்ணீரோடு சோதியுங்கள்

வெளிநாட்டு ஆய்வுகூடங்களில் பொருளை ஈரத்திலிருந்து காப்பாற்றப் பெரும்பாடு படுகிறார்கள். நம்மிடம் ஈரம் இலவசம். மாரியில் ஒக்ரோபர் கடைசியிலிருந்து ஜனவரிவரை வெளியே வைத்த உப்பு ஒரே இரவில் கசியும். ஈரத்தில் பொருள் எப்படி நடக்கிறது என்பதைச் சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இங்கிருந்து வரக்கூடிய நல்ல ஆய்வு இதுதான் என்று நான் நம்புகிறேன்.

நீலத் தூளில் கொஞ்சத்தை எடுத்து, ஓரிரு மில்லிலீற்றர் வடிநீர் விட்டுக் குலுக்கி, வடிதாளில் வடித்து உலர்த்துங்கள். விளக்கின் கீழே பாருங்கள். நீலம் போய் மஞ்சள் வந்திருக்கும். தண்ணீர் சீசியம் அயடைட்டைக் கரைத்துக்கொண்டு போய்விட்டது, மிஞ்சியது ஒன்று-இரண்டு-மூன்று. ஒரு துளி மட்டும் விட்டு அதே இடத்தில் காயவிட்டால் நீலம் திரும்பியும் வரலாம், ஏனென்றால் கரைந்தது எங்கும் போகவில்லை.

வடித்த நீரை இன்னொரு குப்பியில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு செம்பு வந்திருக்கிறது என்பதுதான் உங்கள் ஆய்வின் உயிர்நாடி. பல்கலைக்கழகத்தில் அணு உறிஞ்சல் நிறமாலைமானி இருந்தால் அதிலே அளக்கலாம். செம்பு மனிதருக்குச் சிறிதளவு தேவையான உலோகம், ஆனால் இறாலுக்கும் மீனுக்கும் மிகச் சிறிய அளவே கொடியது. செம்பு அயடைட்டின் குப்பியிலேயே நீர்வாழ் உயிர்களுக்கு மிக நச்சு என்ற குறி இருக்கும், காய்ந்த மரமும் செத்த மீனும் வரைந்த படம். வாவியையும் இறால் பண்ணையையும் நம்பிப் பிழைக்கும் ஊரில் அந்தப் படத்தைக் கடந்து போகக் கூடாது.

பிறகு அதே தூளை நான்கு சிறு தட்டில் வையுங்கள். ஒன்று சிலிக்கா ஜெல்லோடு மூடிய போத்தலில், ஒன்று அறைக் காற்றில், ஒன்று யன்னலோரம் கடற்காற்றில், ஒன்று மெல்லிய பொலிஸ்ரைரீன் படலம் பூசி. ஒவ்வொரு நாளும் ஒரே நேரம், ஒரே தூரத்தில் விளக்கு, கைத்தொலைபேசிக் கமெராவை ஒரே அமைப்பில் பூட்டி ஒரு படம். தானியங்கி வெளிச்ச மாற்றத்தை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் தொலைபேசி உங்களுக்குத் தெரியாமலே மங்கலைத் திருத்திக் காட்டும். படத்தின் சிறுபுள்ளிகளில் (பிக்சல்) நீலத்தின் சராசரிப் பெறுமானத்தை இலவச இமேஜ்ஜே மென்பொருளில் எடுத்து வரைபடம் போடலாம். அறையின் ஈரப்பதனையும் வெப்பநிலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். அது இல்லாத அட்டவணையால் பயன் இல்லை.

அமைப்பை உறுதிப்படுத்த எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனை (XRD) வேண்டும். அது கையில் இல்லையென்றால் அரை கிராம் தூளை நன்கு உலர்த்தி, இரட்டை மூடியோடு, கருவி உள்ள துறைக்கு மேற்பார்வையாளர் மூலம் அனுப்புங்கள். அனுப்பும் முன் ஒரு பகுதியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை எல்லாவற்றையும் அனுப்பிவிட்டேன். வழியில் குப்பி திறந்து, போய்ச் சேர்ந்தது மஞ்சள் தூள். ஆறு கிழமை வேலை.

வெள்ளி பிஸ்மத் புரோமைட்டு அடுத்த கட்டம். ஐதரோபுரோமிக் அமிலத்தில் 110 பாகையளவில் கரைத்து ஆறவிட்டால் செம்மஞ்சள் பளிங்குகள் இறங்கும். அமிலப் புகை கடுமையானது. காற்று உறிஞ்சும் அலுமாரியும் பக்கத்தில் அனுபவமுள்ள ஒருவரும் இல்லாமல் தொடங்க வேண்டாம்.

கழிவை என்ன செய்வது

அரைத்த உரலைக் குழாயடியில் கழுவ வேண்டாம். முதலில் ஈரத் துணியால் துடையுங்கள், துணி கழிவுப் பைக்குள். கழுவிய முதல் இரண்டு நீரும் கழிவுக் குப்பிக்குள். குப்பியில் "செம்பு, சீசியம், அயடைட்டு" என்று தமிழிலும் திகதியோடும் எழுதி ஒட்டுங்கள், தமிழ் வாசிக்கும் துப்புரவுப் பணியாளர்தான் அதை முதலில் தொடுவார். பிஸ்மத்துக்கு வேறு குப்பி, வெள்ளிக்கு வேறு. நிரம்பியதும் துறையின் இரசாயனக் கழிவுப் பொறுப்பாளரிடம் கையொப்பம் வாங்கிக் கொடுங்கள். அதுவரை குப்பி தரையில் அல்ல, வெள்ளம் எட்டாத மேல் தட்டில் இருக்கட்டும்.